விலக ஒரு பாதை

ரத்தம் இல்லை. ரோமம் பறக்கவில்லை.
சத்தம்கூடப் போடவில்லை மெர்லுசா.
நடைவழியின் நட்டநடுவில்
நாலு காலையும் மடித்து உட்கார்ந்திருந்தாள்,
அவ்வளவுதான்.
அவளுக்கு அந்தப் பக்கம் மணல்தட்டு.
இந்தப் பக்கம் என் தங்கையின் இரண்டு பூனைகள்.

சுரங்கத்துச் சமையலறையில் வேலை என்று
அன்டோஃபகாஸ்டாவுக்குப் போனாள் எதுவிகிஸ்.
"மூணே மாசம், நொல்பெர்த்தோ."
வாசலில் வைத்த கூடைக்குள்ளிருந்து
இரண்டு ஜோடிக் கண்கள் என்னை நம்பாமல் பார்த்தன.
இது ஏழாவது மாதம்.

சின்னவன் பிமெந்தோன் என் மெத்தையில் பெய்தான்.
பெரியவள் தோமாசா வயிற்றை நக்கி நக்கி
ரோஜா நிறத் தோல் தெரியுமட்டும் மழித்துவிட்டாள்.
நான் கத்தினேன். தண்ணீர் தெளித்தேன்.
அவன் என் சீருடைமேல் பெய்தான்.

வால்பரைசோவில் டிராலிபஸ் ஓட்டுகிறேன்,
இருபத்திரண்டு வருஷமாக.
மேலே ஒரு ஜோடிக் கம்பி, கீழே சாலை.
முன்னால் போகிற வண்டி நின்றால் நானும் நிற்க வேண்டும்,
முந்த முடியாது.
ஹார்ன் அடிக்கலாம். அடித்து?
கண்ணாடியில் பயணிகளின் முகம் மாறுவதைப் பார்ப்பேன்:
முதலில் கைக்கடிகாரம், அப்புறம் ஜன்னல்,
அப்புறம் பக்கத்து இருக்கைக்காரரின் முழங்கை.
அந்த முழங்கை என்ன பாவம் செய்தது?

ஒரு வியாழக்கிழமை
கம்பியைவிட்டுக் கழன்ற கோலை மறுபடி மாட்ட
கயிற்றை இழுத்துக்கொண்டு மழையில் நின்றபோதுதான்
உறைத்தது:
என் வீட்டிலும் ஒரே தடம்.
அதன்மேல் மெர்லுசா வண்டியை நிறுத்தியிருக்கிறாள்.

துறைமுகத்துப் பெட்டிகளிலிருந்து பலகை எடுத்தேன்.
சுவரோரம், என் தலைக்குமேல்,
அலமாரி உச்சியிலிருந்து குளியலறைக் கதவுவரை
ஒரு விலகுபாதை அடித்தேன்.
இன்னும் மூன்று மணல்தட்டு;
ஒன்று என் கட்டிலுக்கே பக்கத்தில்.
(நாற்றம் என்னுடையது, நிம்மதி அவர்களுடையது.)
ஒருவர் தின்பது மற்றவருக்குத் தெரியாத மூலைகளில் கிண்ணங்கள்.
என் பழைய காலுறையால் மெர்லுசாவின் கன்னத்தைத் தடவி
மற்ற இருவர் தூங்கும் கம்பளிக்கடியில் செருகினேன்.

ஆணிச் சத்தம் கேட்டுக் கீழ்வீட்டு எர்மினியா வந்தாள்.
அண்ணாந்து பார்த்தாள்.
"உன் பெண்டாட்டி பத்து வருஷம் ஒரு அலமாரித் தட்டு கேட்டாளே,
அவளுக்கு அடித்துக் கொடுத்தாயா?"
பதில் சொல்லவில்லை நான்.
வாயில் ஆணி இருந்தது.

ஒன்பது நாள் பலகைமேல்
என் தொப்பி மட்டும் பயணம் செய்தது.
பத்தாம் நாள் பிமெந்தோன் ஏறினான்.
ஒரு அடி. நின்றான். இன்னொரு அடி.
கீழேயிருந்து மெர்லுசா பார்த்தாள்,
வால்நுனி இரண்டு தரம் தரையைத் தட்டியது.
அவன் போய்விட்டு, மண்ணைத் தள்ளி மூடிவிட்டு,
வந்த வழியே திரும்பினான்.
கைதட்டத் தோன்றியது. தட்டினால் பயப்படுவான்.

ஆகஸ்டில் ஒரு இரவு, மூன்று மணி வாக்கில், மேடு குலுங்கியது.
தகரச் சுவர்கள் பல் கடித்தன,
கோப்பைகள் ஒன்றையொன்று முட்டின,
தெருநாய்கள் எல்லாம் ஒரே நேரத்தில் வாய்மூடின.
நின்றபின் டார்ச்சோடு குனிந்தேன்.
கட்டிலுக்கடியில், கடைக்கோடியில், ஆறு கண்கள்.
எது யாருடையது என்று பிரிக்க முடியவில்லை.
நானும் கொஞ்ச நேரம் தரையில் படுத்துக்கிடந்தேன்.

தங்கை போன் செய்தாள்.
"பூனைங்க எப்படி?" என்றாள் முதலில்.

விடிந்ததும் சீறிக்கொண்டார்கள், வழக்கம்போல.
நடைவழியில் மெர்லுசா உட்கார்ந்தாள்,
நடுவில்தான்; ஆனால்
சுவரை ஒட்டி ஒரு பூனை
மூச்சை அடக்கிக்கொண்டு நழுவும் அளவுக்கு
இடப்பக்கம் தள்ளி.

கதவுக்குப் பின்னால் தொங்கிய சீருடையை
மோந்து பார்த்தேன். இன்னொரு தரம் மோந்தேன்.
மாட்டிக்கொண்டு
படியிறங்கினேன்.